அப்பத்தா எழுந்து நடக்கும்வரை

ஜூன் 3, திங்கள்

இந்த டைரி உரக்கடைக்காரன் புதுவருசத்துக்குக் குடுத்தது. பாதி வருசம் வீணாப் போச்சு. பேத்தி தர்ஷினி எடுத்துக் கையில குடுத்து, "அப்பத்தா, யார் மேல என்னென்ன கோவம் இருக்கோ எல்லாத்தையும் இதுல எழுதுங்க. வாயால சொல்லாதீங்க, அம்மா பாவம்"ன்னா. இருபத்தொரு வயசுப் பிள்ளை எனக்குப் புத்தி சொல்லுது.

நான் படிச்சது மூணாப்பு. மிச்சமெல்லாம் வடை மடிக்கிற பேப்பர்ல படிச்சது. மில்லு வாசல்ல நாப்பத்திரண்டு வருசம் டீக்கடை. ரோட்டை அகலப்படுத்துறோம்னு இடிச்சுட்டுப் போனான். அன்னைக்கு மணி பத்து இருபது. இடிக்க வந்தவன் என் கடையில டீ குடிச்சுட்டுத்தான் இடிச்சான்.

குளியலறையில வழுக்கி விழுந்து இன்னையோட எட்டு நாள். இடது கால்ல முழங்காலுக்குக் கீழ எலும்பு முறிஞ்சு மாவுக்கட்டுப் போட்டிருக்கு. ஆறு வாரம் கால ஊனக்கூடாது. சோப்புத் தண்ணியத் தள்ளிவிடாமப் போனது மருமக செண்பகவல்லி. "வேணும்னா செஞ்சேன் அத்தை"ன்னு அழுகுறா. வேணும்னு செஞ்சன்னு நான் சொல்லவே இல்லையே. சோப்புத் தண்ணின்னு மட்டும்தான் சொன்னேன்.

ஜூன் 5, புதன்

மருமக கணக்கை முதல்ல எழுதிடுறேன்.

கல்யாணமாகி ஒன்பதாம் நாள், ஆவணி மாசம், மாம்பழக் கலர் சேலை கட்டியிருந்தா. "அத்தை, உங்க டீ நெஞ்சைக் கரிக்குது. நான் காப்பி போட்டுக்கிறட்டா?"ன்னு கேட்டா. டீக்கடைக்காரி வீட்டுல. என் மகன் கோட்டைச்சாமி பக்கத்துல நின்னு சிரிச்சான். அவனும் கணக்குல உண்டு. இருபத்து மூணு வருசமா இந்த வீட்டுல ரெண்டு பாத்திரம், ரெண்டு வடிகட்டி.

அவன் மினி பஸ் ஓட்டுறான், விடியுமுன்ன போனா பொழுது சாஞ்சுதான் வருவான். அவ தையல் கம்பெனியில மெசின்ல உக்காந்திருக்கா. நாலு நாள் லீவு போட்டா வேற பிள்ளைய அந்த மெசின்ல உக்கார வச்சிருவாங்களாம். அதனால என்னைத் தூக்குறது, கழுவுறது எல்லாம் தர்ஷினிதான். காலேஜு முடிச்சுட்டு வீட்டுல இருக்கா. ஜப்பான் பாஷை படிக்கிறா. நம்ம வீட்டுல பேசுற அளவுக்குத்தான் சிக்னல், பாடம் கேக்க நிக்காது. தினம் பதினோரு மணிக்கு ரெண்டாவது தெருவுல சிநேகிதி வீட்டுக்குப் போயி கம்ப்யூட்டர்ல பாடம் கேட்டுட்டு ஒரு மணிக்கு வருவா.

ஜூன் 9, ஞாயிறு

இந்தப் பிள்ளை என்னைத் தொடுறதுக்கு முன்னாடி சொல்லிட்டுத் தொடுது.

"அப்பத்தா, இப்ப உங்க வலது தோள்ல கை வைக்கப் போறேன். சரியா?"

"வச்சுத் தொலையேன். அதுக்கு எதுக்குடி மனுப் போடுற?"

"திடீர்னு தொட்டா பயந்துருவீங்க."

"நானா?"

"சரி, நீங்க பயப்பட மாட்டீங்க. நான் பயந்துருவேன். இப்பத் திருப்பப் போறேன். ஒண்ணு, ரெண்டு..."

பாவாடை மாத்துறப்ப நல்ல கால்ல இருந்து முதல்ல கழட்டுறா. மாட்டுறப்ப நோவுற கால் முதல்ல. தண்ணிய எம்மேல ஊத்துறதுக்கு முன்ன அவ மணிக்கட்டுல ஊத்திப் பாக்குறா. சோறு ஊட்ட வேணாம், கை நல்லாத்தான் இருக்குன்னாலும் நான் சாப்பிட்டு முடிக்கிறவரை எதுத்தாப்புல ஸ்டூலைப் போட்டு என் கண்ணு உயரத்துக்கு உக்காந்திருக்கா. நின்னுக்கிட்டுப் பேசுறதே இல்ல.

எழுபத்தொரு வயசாச்சு. தொடுறதுக்கு முன்னாடி என்னை ஒருத்தர் கேட்டது இல்ல. தாலி கட்டுனவரும் கேட்டதில்ல.

ஜூன் 14, வெள்ளி

என் கட்டிலை அவ ரூமுல போட்டிருக்கு. சுவரெல்லாம் ஜப்பான் பொம்மைப் படம். எல்லாத்துக்கும் கண்ணு பன்னுத் தண்டி. தலைமுடி ஊதா, பச்சை. பத்து வயசுல இருந்து இந்தக் கிறுக்கு. அந்த பாஷைய அதுகளைப் பாத்தே பாதி படிச்சுட்டா.

இப்ப சிநேகிதி வீட்டுல இறக்கிட்டு வந்து போன்ல ஒரு தொடர் காட்டுறா. இருபத்து நாலு பகுதி. குத்துச்சண்டையில தோத்தவன் ஒருத்தன், மலைக்கும் கடலுக்கும் நடுவுல ஒரு சின்ன ஊருல அரிசி உருண்டைக் கடை போடுறான். தமிழ்ல எழுத்து ஓடாது. தர்ஷினி நிறுத்தி நிறுத்திச் சொல்றா.

"அப்பத்தா, இப்ப அவன் செத்துப்போன மாஸ்டரை நினைச்சுப் பாக்குறான்."

"அடுப்புல சோறு இருக்கு, இவன் வானத்தைப் பாத்துக்கிட்டு நிக்கிறான். கடை எப்படி விளங்கும்?"

"ஃபீல் பண்றான் அப்பத்தா."

"கடைய மூடிட்டு ஃபீல் பண்ணச் சொல்லு."

சிரிச்சுச் சிரிச்சு கட்டில்ல விழுந்தா. அந்த உருண்டைய வீட்டுலயும் செஞ்சா. ரேசன் அரிசியக் குழைய வடிச்சு, நடுவுல புளியங்காய்த் துவையல் வச்சு, கறுப்புக் காகிதம் மாதிரி ஒரு கடல் பாசியச் சுத்துனா. தபால்ல வரவழைச்ச பாசி. மீன் கூடையத் துடைச்ச வாசம். துவையல் நல்லாயிருந்துச்சு. மூணு தின்னேன், அவ மனசு கோணக்கூடாதுன்னு.

ஜூன் 20, வியாழன்

பச்சைத் தூள் ஒண்ணு, டப்பா தீப்பெட்டித் தண்டி, விலை சொல்லமாட்டேங்குறா. ஜப்பான்காரன் டீ. மூங்கில்ல ஒரு சின்ன விளக்குமாறு வேணுமாம் அதை அடிக்கிறதுக்கு. அது கிடைக்காம மோர் மத்தைப் போட்டுக் கடைஞ்சா. மருதாணி அரைச்ச கையக் கழுவுன தண்ணி மாதிரி இருந்துச்சு.

"எப்படி அப்பத்தா?"

"பாலு எங்க?"

"பால் கிடையாது. சீனியும் கிடையாது."

"அப்ப எதுக்குக் குடிக்கிறான்?"

"அவங்களுக்கு அது தியானம் மாதிரி. கிண்ணத்தை ரெண்டு கையாலயும் பிடிச்சு, திருப்பி, மெதுவா..."

"மில்லுல ஷிப்டு விட்டா பத்து நிமிசத்துல நூத்தம்பது பேருக்கு டீ ஆத்துனவ நான். என்கிட்ட தியானம் பேசாத."

அங்க வயசானவுகளுக்குப் புரை ஏறக்கூடாதுன்னு டீயில ஒரு மாவைப் போட்டுக் கஞ்சி மாதிரி கெட்டியாக்கிக் குடுப்பாங்களாம். ஸ்பூன்ல எடுத்து ஊட்டுவாங்களாம். கேட்டதுல இருந்து நெஞ்சு ஒரு மாதிரி இருக்கு. அந்தக் கிழவிக என்ன பாவம் பண்ணுச்சோ.

இது எல்லாம் இவளுக்கு எப்படித் தெரியுமோ.

ஜூன் 25, செவ்வாய்

கட்டுக்குள்ள அரிப்பு. குச்சி கேட்டேன், குடுக்கமாட்டேன்னுட்டா. கோவம்.

ஜூலை 2, செவ்வாய்

இன்னைக்கு அவ பாடத்துக்குப் போனப்ப நோட்டைக் கட்டில் மேல விட்டுட்டுப் போயிட்டா. ஒரு பக்கம் ஜப்பான் எழுத்து, கோழி கிளறுன மாதிரி. எதுத்த பக்கம் தமிழு. வாசிச்சேன். என் பேரைப் பாத்தா வாசிக்கத்தானே செய்வேன்.

"முத்திருளாயி, 71 வயது. இடது கால் எலும்பு முறிவு. பிடிவாதம் அதிகம். டீ விஷயத்தில் கவனமாகப் பேசவும். காலை: முதுகு துடைத்தேன். தோலில் சிவப்பு இல்லை. மதியம்: முக்கால் தட்டு சாப்பிட்டார். இன்று மூன்று முறை சிரித்தார்."

ஒவ்வொரு நாளைக்கும் ஒரு பக்கம். விழுந்த மறுநாள்ல இருந்து.

அவ வந்ததும் நோட்டை நீட்டினேன். முகம் செத்துப்போச்சு.

"என்னடி இது? நான் என்ன உனக்குப் பாடம் படிக்கிற பலகையா?"

"இல்ல அப்பத்தா. அங்க முதியோர் இல்லத்துல வேலைக்குப் போறவங்க தினம் இப்படி எழுதணும். பழகச் சொன்னாங்க."

"தோளைத் தொடுறதுக்கு முன்ன சொல்றதும் பாடமா?"

நோட்டை வாங்கி மூடுனா.

"சொல்லுடி."

"ஆமா. நாலாவது பாடம்."

"கண்ணு உயரத்துக்கு உக்காருறது?"

"அதுவும்தான். அதுக்காக... பாடம்னா பாசம் இல்லைன்னு ஆயிருமா? ரெண்டும்தான் அப்பத்தா. எனக்குப் பிரிச்சுச் சொல்லத் தெரியல."

ஜப்பானுக்குக் கிழவிகளக் குளிப்பாட்டப் போறாளாம். எல்லாருக்கும் தெரியும், எனக்கு மட்டும் தெரியாது.

அன்னைக்கு நான் சிரிச்சது ரெண்டு தடவைதான். மூணுன்னு எழுதியிருக்கா.

ஜூலை 3, புதன்

பேசல.

ஜூலை 5, வெள்ளி

ஜன்னலுக்கு வெளிய நின்னு போன்ல பேசுனா. அந்த மூலையிலதான் சிக்னல் நல்லா நிக்கும். நான் தூங்குறேன்னு நினைச்சா. தூக்கத்துல கூட எனக்குக் காது மூடாது. ரெண்டு கடை தள்ளி எவன் என் டீயக் குறை சொன்னாலும் கேட்ட காது இது.

சென்னையில இருக்குற சாரு. வெளிநாட்டு வேலைக்கு ஆள் அனுப்புறவர். ஜப்பான்ல ஒரு முதியோர் இல்லத்துக்காரங்க கம்ப்யூட்டர் வழியாப் பேசி இவளைப் பிடிச்சுப்போயிட்டாங்களாம். தொடர்ல வர்ற ஊரு மாதிரியே ஒரு பக்கம் கடலு, ஒரு பக்கம் மலை. ஒரே ஒரு இடம். ஜூலை இருபத்தொம்பது திங்கக்கிழமை சென்னையில பயிற்சிக்குச் சேரணும். மூணு மாசம் பயிற்சி, அங்கிருந்தே ஏத்திவிட்டுருவாங்க.

"அப்பத்தா நடந்துட்டா வந்துருவேன் சார். கட்டு அடுத்த வாரம் பிரிக்கிறாங்க. நடக்கலைன்னா... அம்மா வேலைய விடமுடியாது சார். வேற ஆள் இல்ல. நடந்துருவாங்க சார். அவங்க ரொம்ப ஸ்ட்ராங்கு."

கடைசி வார்த்தைய டீக்குச் சொல்ற மாதிரி சொன்னா.

ஜூலை 10, புதன்

கட்டுப் பிரிச்சாச்சு. கால் வேற யாரோ காலு மாதிரி வத்திக் கெடக்கு. டாக்டர் சின்னப் பையன், எலும்பு நல்லாக் கூடியிருச்சு, வாக்கர் பிடிச்சு இன்னைக்கே நடக்கப் பழகுங்க, ரெண்டு வாரத்துல தனியா நடக்கலாம்னான்.

வீட்டுக்கு வந்து வாக்கரைப் பிடிச்சு எந்திரிச்சேன். வலி உயிர் போச்சு. உக்காந்துட்டேன். இது நெசம்.

தர்ஷினி சொன்னா, "பரவாயில்ல அப்பத்தா. நாளைக்குப் பாக்கலாம்."

ஜூலை 13, சனி

வலி கொஞ்சம் தேவலை. அதை யார்கிட்டயும் சொல்லல. கேட்டாத்தானே சொல்றதுக்கு.

கேட்டா. "இன்னைக்கு எப்படி இருக்கு?"ன்னு. "ஊனமுடியலத்தா"ன்னேன்.

ஜூலை 15, திங்கள்

காலையில செண்பகம் போட்டு பிளாஸ்க்குல ஊத்தி வச்ச டீயை மனுசன் குடிக்கமுடியாது. காப்பிக்காரி போட்ட டீ. தூளை வேகவிடாம வடிச்சுர்றா. ஒன்றரை மாசம் பொறுத்தேன்.

பதினொன்றரைக்கு ஒரு நல்ல டீ குடிச்சேன். தூளு கொதிச்சு, அடங்கி, மறுபடி கொதிச்சு, அப்புறம் பால். நாலு ஆத்து. நுரை கிளாஸ் விளிம்புல நின்னுச்சு. பாத்திரத்தைக் கழுவிக் கமுத்திட்டேன்.

எப்படிப் போனேன்னு இந்த டைரிக்குத் தெரியவேணாம்.

ஜூலை 16, செவ்வாய்

இன்னைக்கும் ஒரு டீ.

சாயங்காலம் தர்ஷினி வாக்கரைப் பிடிச்சு நிக்கச் சொன்னா. ஒரு நிமிசம் நின்னுட்டு, "அம்மா"ன்னு உக்காந்துட்டேன். கால நீவி விட்டா. மெல்லமா, எலும்புக்கு வலிக்காம. "வலிச்சா சொல்லுங்க, இப்ப முட்டிக்குக் கீழ தொடப்போறேன்"ன்னு சொல்லிச் சொல்லி.

உருண்டைக் கடைக்காரன் கதையில இருபத்திரண்டு பாத்தாச்சு. எதுத்தாப்புல பெரிய கம்பெனிக்காரன் கடை போட்டுட்டான். இவன் என்ன பண்ணப்போறானோ. இவன்கிட்டயா போட்டி போடுறாங்க, என்கிட்ட வந்திருக்கணும்.

ஜூலை 19, வெள்ளி

இன்னைக்குக் கால்குளியல். வாளியில வெதுவெதுன்னு தண்ணி, அதுல கல் உப்பு. ஜப்பான்ல கிழடுகளுக்கு இதைச் செய்வாங்களாம், நல்லாத் தூக்கம் வருமாம். நான் கட்டில் ஓரத்துல உக்கார, அவ தரையில சம்மணம் போட்டு, "அப்பத்தா, இப்ப உங்க பாதத்தைப் பிடிக்கப் போறேன்"ன்னா.

பிடிச்சவ அப்படியே நிறுத்திட்டா. கால் விரலையே பாத்துக்கிட்டிருந்தா. இடது கால். அப்புறம் வலது காலையும் தூக்கிப் பாத்தா. நகத்தால எதையோ லேசாச் சுரண்டுனா.

"என்னடி?"

"ஒண்ணுமில்ல அப்பத்தா."

தண்ணிய மோந்து ஊத்தி, விரல் விரலாத் தேய்ச்சுக் கழுவுனா. துண்டால துடைச்சா. வாளியத் தூக்கிட்டு வெளிய போயிட்டா. என்னமோ வேலை நெருக்கடி போல.

ஜூலை 22, திங்கள்

சோறு வச்சுட்டு எதுத்தாப்புல ஸ்டூல்ல உக்காந்தா.

"அப்பத்தா, என்கிட்ட எதுவும் சொல்லணுமா?"

"உப்பு கம்மி."

"அது இல்ல. வேற."

"வேற என்ன? முருங்கைக்காய முத்தவிட்டு வாங்கியிருக்கா உங்க ஆத்தா."

எந்திரிச்சுப் போயிட்டா.

ஜூலை 25, வியாழன்

மறுபடி கேட்டா. இந்தத் தடவை கதவைச் சாத்திட்டு வந்து, என் கையப் பிடிச்சுக்கிட்டு.

"இன்னும் நாலு நாள் இருக்கு. உங்களுக்குத் தெரியும்ல?"

"எதுக்கு நாலு நாளு?"

"சும்மா கேட்டேன். ஏதாச்சும் சொல்லணும்னா சொல்லுங்க. நான் கோவிக்கவே மாட்டேன். சத்தியமா."

சொல்லியிருப்பேன். வாய் வரைக்கும் வந்துச்சு. சொன்னா அவ துணிய மடிப்பா. மடிச்சா இந்த ரூமுல நானும் பன்னுக் கண்ணு பொம்மைகளும்தான். வெளிய காப்பி வாசம்.

"கால்தான் இன்னும் ஊனமுடியலத்தா"ன்னேன்.

"சரி"ன்னா.

ஜூலை 29, திங்கள்

அவ போகல.

சாருகிட்ட நேத்தே சொல்லிட்டா. ஜன்னலுக்கு வெளிய இல்ல, என் கட்டில் பக்கத்துலயே நின்னு, ஸ்பீக்கர் போட்டு, எனக்குக் கேக்குற மாதிரி. அந்த இடத்துக்குத் திருச்சிப் பக்கத்துப் பிள்ளை ஒண்ணு போகுதாம்.

மத்தியானம் அவரைக்காய்ப் பொரியலு, ரசம். நல்லாச் சாப்பிட்டேன். மறுசோறு வாங்கினேன்.

தர்ஷினி பாயில சுவரைப் பாத்துப் படுத்திருந்தா பூராப் பகலும்.

ஆகஸ்ட் 5, திங்கள்

இன்னைக்கு நடந்தேன். காலையில ஆறு மணிக்கு வாக்கரை விட்டுட்டு, சுவரைப் பிடிக்காம, ரூமுல இருந்து வாசல் வரை. செண்பகம் பாத்திரத்தைப் போட்டுட்டு "அத்தை!"ன்னு ஓடியாந்தா. கண்ணுல தண்ணி. பிள்ளையாருக்குத் தேங்காய் உடைச்சா. மகன் ஆட்டுக்கால் வாங்கியாந்தான்.

தர்ஷினி வாசப்படியில உக்காந்து பல்லு விளக்கிக்கிட்டிருந்தா. பாத்தா. வாயக் கொப்புளிச்சுட்டு உள்ள போயிட்டா.

ஆகஸ்ட் 6, செவ்வாய்

அவ பேச வருவான்னு தெரியும். ரெண்டு பேரும் வேலைக்குப் போனதும் வந்தா. ஸ்டூலைப் போடல. நின்னுக்கிட்டே பேசுனா.

"ஜூலை பத்தொம்பது, வெள்ளிக்கிழமை. உங்க கால் விரல்ல காஞ்ச டீ இருந்துச்சு. ரெண்டு கால்லயும்."

"கட்டில்ல உக்காந்து குடிச்சப்ப சிந்தியிருக்கும்."

"உக்காந்து குடிச்சா மடியில சிந்தும் அப்பத்தா. நின்னு, தலைக்கு மேல தூக்கி ஆத்துனாத்தான் பாதத்துல தெறிக்கும். கடை இருந்த காலத்துல உங்க காலடியில உக்காந்து தானே வீட்டுப்பாடம் எழுதுனேன். உங்க விரல்ல எப்பவும் அந்தப் புள்ளி இருக்கும்."

வேற பொம்பளையா இருந்தா கிளாஸுல கலக்கிக் குடிச்சுட்டுப் போயிருப்பா. ஒரு டீயை ஆத்தாம வாயில வைக்க என்னால ஆகாது.

"தெரிஞ்சதுல்ல, அப்பவே கேக்க வேண்டியதுதானே?"

"கேட்டேன். ரெண்டு தடவை."

"அப்ப போயிருக்க வேண்டியதுதானே! யாரு உன் காலைக் கட்டுனா?"

"படுத்த படுக்கையில கெடந்த அப்பத்தாவ விட்டுட்டு வெளிநாட்டுக்குப் போனான்னு ஊரே சொல்லும். அது கெடக்கு. நீங்க எந்திரிச்சு வாசல்ல நின்னு போயிட்டு வாடின்னு சொல்லுவீங்கன்னு இருந்தேன். பத்து நாளு. தினம் காலையில முழிச்சதும் உங்க கட்டிலைத்தான் பாப்பேன், இன்னைக்கு எந்திரிப்பாங்கன்னு."



"கோவிக்க மாட்டேன்னு சத்தியம் பண்ணியே?"

"சொன்னா கோவிக்க மாட்டேன்னு பண்ணேன். நீங்க சொல்லலையே." கதவுப் பக்கம் போனவ திரும்பி, "உங்க டீயை கழுவுன தண்ணின்னு சொன்னாரே ஒரு மில்லு மேஸ்திரி, அவருக்கு எத்தனை வருசம் ரெண்டாம் டிகாசன் குடுத்தீங்க?"ன்னு கேட்டா.

"பதினோரு வருசம். அவன் ரிட்டயர் ஆகுறவரைக்கும்."

"அவருக்குத் தெரியுமா?"

"தெரியாது. எனக்குத் தெரியும்ல."

"ம்"ன்னா. "நான் உங்க பேத்திதானே."

ஆகஸ்ட் 9, வெள்ளி

மருந்து நேரத்துக்கு வருது. சோறு நேரத்துக்கு வருது. ஒரு குறை சொல்லமுடியாது. நோட்டு எழுதுறத நிறுத்திட்டா. உருண்டைக் கடைக்காரன் கதைய காதுல மாட்டிக்கிட்டு தனியாப் பாக்குறா. கடை என்னாச்சுன்னு நான் கேக்கல. கேட்டாச் சொல்லியிருப்பா, அதனாலதான் கேக்கல.

ஆகஸ்ட் 12, திங்கள்

செண்பகம் குளிக்கப் போனப்ப அவ போன்ல இருந்து சென்னைச் சாருக்குப் பேசுனேன். நம்பர் காலண்டர் அட்டையில எழுதியிருந்துச்சு.

"தர்ஷினியோட அப்பத்தா பேசுறேன்."

"சொல்லுங்க பாட்டி. கால் எப்படி இருக்கு?"

"கால் ஜூலை பதினஞ்சுலயே நல்லாத்தான் இருந்துச்சு. நடக்க முடியலைன்னு பொய் சொன்னேன். அந்தப் பிள்ளை மேல தப்பில்ல. அந்த இடத்தை அதுக்கே குடுங்க."

நல்ல மனுசன், திட்டல.

"பாட்டி, அந்த இல்லத்துக்கு வேற பொண்ணு பேர் அனுப்பியாச்சு. பயிற்சியும் ஆரம்பிச்சாச்சு. இப்ப மாத்தமுடியாது. வயசானவங்களப் பாக்குற வேலை அடுத்து எப்ப வரும்னு தெரியல. ஜப்பான்லயே சாப்பாட்டு டப்பா அடைக்கிற ஃபேக்டரியில ஆள் கேக்குறாங்க. அதுக்கு வேணா..."

"அதுல யாரையும் தொட வேண்டியதில்லையா?"

"இல்ல பாட்டி. பெல்ட்டுல டப்பா வரும். சோறு வைக்கணும். அவ்வளவுதான்."

போனை இருந்த இடத்துல வச்சுட்டேன். நான் பேசுனது அவளுக்குத் தெரியவேணாம்.

ஆகஸ்ட் 28, புதன்

டப்பா ஃபேக்டரிக்கு சரின்னுட்டா. கடலும் இல்ல, மலையும் இல்ல. பெரிய ஊருக்கு வெளிய இருக்குதாம். ஆறிப்போன சோத்தை, கையுறை போட்டு, எட்டு மணி நேரம் நின்னே வைக்கணும். இத்தனை மாசம் தொடப் படிச்ச பிள்ளை.

செண்பகம் அழுதா. நான் அழல.

செப்டம்பர் 8, ஞாயிறு

காலையில கிளம்பிட்டா. சென்னையில ஒரு மாசம், அப்புறம் விமானம். சுவருல இருந்த படத்துல ஒண்ணைக் கூடக் கழட்டல.

எல்லாம் முறையாச் செஞ்சா. விழுந்து கும்பிட்டா. திருநீறு பூசிவிட்டேன். "உடம்பப் பாத்துக்கங்க அப்பத்தா. மாத்திரைய நேரத்துக்குப் போடுங்க"ன்னு சொல்லிச் சிரிச்சா.

பிடிக்காத ஆளுக்கும் கடையில கிளாஸை நீட்டும்போது நான் அப்படித்தான் சிரிப்பேன். உதடு வரைக்கும் வந்து நின்னுரும். நாப்பத்திரண்டு வருசம் சிரிச்சவளுக்குத் தெரியாதா.

செப்டம்பர் 15, ஞாயிறு

தர்ஷினி அவ ஆத்தாளுக்குப் போன் பண்ணா. இருபது நிமிசம். அங்க மெஸ்ஸு சாப்பாடு, கூட இருக்குற பிள்ளைக, பாத்ரூம் எல்லாம் சொன்னா. கடைசியில "அப்பத்தா நல்லாருக்காங்களா?"ன்னா. செண்பகம் போனை என் பக்கம் நீட்டுனா. அதுக்குள்ள அவ "கிளாஸுக்கு நேரமாச்சு"ன்னு வச்சுட்டா.

செண்பகம் எந்திரிச்சுப் போகல. கட்டில் ஓரத்துல உக்காந்தா. இருபத்து மூணு வருசத்துல என் கட்டில்ல அவ உக்காந்தது இல்ல.

"அத்தை, நீங்க அந்தச் சாருக்குப் போன் போட்டது எனக்குத் தெரியும். போன்ல காட்டுச்சு. அவரே சொல்லவும் செஞ்சாரு."

"அவகிட்ட சொல்லிட்டியா?"

"இல்ல." முந்தானை நுனியச் சுருட்டிக்கிட்டே இருந்தா. "நீங்க நடந்ததும் எனக்கு அப்பவே தெரியும். தினம் ஒரு டம்ளர் பால் குறைஞ்சுச்சு. பூனை குடிச்சிருக்கும்னு உங்க மகன்கிட்ட நான்தான் சொன்னேன்."



"தெரிஞ்சே ஏன் பேசாம இருந்த?"

"எனக்கும் அவ போகவேணாம்னுதான் இருந்துச்சு. ஒத்தப் பிள்ளை. போகாதன்னு என் வாயால சொன்னா என்னை வெறுத்துருவா. நீங்க படுத்திருந்தீங்க. பழி உங்க மேலயே கெடக்கட்டும்னு விட்டுட்டேன்."

இந்தக் காப்பிக்காரிய என்னமோ ஏதுமறியாதவன்னு இத்தனை வருசம் நினைச்சிருந்தேன். திட்டணும்னு வாயத் திறந்தேன். அவ முகத்தைப் பாத்தா திட்டு வரல. நான் கண்ணாடியில பாக்குற முகம் மாதிரி இருந்துச்சு.

"அடுத்த ஞாயித்துக்கிழமை போன் பண்ணுவா. எனக்கும் தெரியும்னு சொல்லிரவா அத்தை? நெஞ்சுல கெடந்து அறுக்குது."

"வேணாம்."

"உங்களை மட்டும் தப்பா நினைச்சுக்கிட்டு..."

"நினைக்கட்டும். உன் மேலயும் கோவம் வந்துட்டா, ஞாயித்துக்கிழமை யாருக்குடி போன் பண்ணுவா?"